நிபோங் திபால் பேப்பர் கடை: ஊர்ச் செய்திக்கு எவ்வளவு நம்பலாம்?

பினாங்கின் தென்கோடியில் உள்ள நிபோங் திபால் நகரின் பழைய கடைவரிசையில், ஒரு காப்பிக்கடைக்கும் ஒரு தையற்கடைக்கும் இடைப்பட்ட ஐந்தடியில் (கடைகளுக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) இயங்கும் பத்திரிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊரார் அதனைப் ‘பேப்பர் கடை’ என்றே சொல்வதால் நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். நாளிதழ், வார இதழ், பஞ்சாங்கம், நாட்காட்டி, பள்ளிப் பயிற்சிநூல், ஊதுவத்தி, வெற்றிலை பாக்கு என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கும் இக்கடையை, சரக்கின் வகையையும் விலையையும் மட்டும் கொண்டு மதிப்பிட்டால் இரண்டு பத்திகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழர்களில் பலர் அங்கே போவது, ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று, வரும் வாரம் எங்கே என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்ளத்தான். எனவே ஓர் ஊர்ச் செய்திச் சேவையாகக் கருதியே இக்கடையை இங்கு எடைபோடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்லது கெட்டதுக்கு இக்கடையைவிட நம்பகமான இடம் நிபோங் திபாலில் இல்லை. சாலை, குப்பை, குடிநீர், நிலம் போன்ற விவகாரங்களுக்கு இதனை மட்டும் நம்பியிருப்பவர் பாதிச் செய்தியோடு நிற்க வேண்டியிருக்கும்.

இப்படியொரு கடைக்கு இங்கே ஏன் இவ்வளவு தேவை என்பதற்கு ஊரின் வரலாற்றில் விடை இருக்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியில், கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்த இந்நகரிலிருந்து சற்றுத் தெற்கே போனால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார் வந்துவிடும். சுற்றிலும் இருந்த தோட்டங்களில் முதலில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதற்கும் பின்னர் செம்பனையும் பயிராயின. கெலிடோனியா, பைராம், டிரான்ஸ்கிரியான், ஜாவி என்று தோட்டத்தின் பெயரைச் சொன்னால்தான் எங்கள் பெரியவர்களுக்கு ஓர் ஆள் இன்னாரென்று விளங்கும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்த காலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாருக்கும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. அழுகுரலே செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இன்று அக்குடும்பங்கள் ஜாவி, சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட், பத்து காவான் எனத் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்துவிட்டன. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் பெருகின. பிள்ளைகள் வேலை இருக்கும் பக்கமாகக் குடிபோயினர். ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், ஒருவர் வீட்டுத் திருமணத்தை மற்றொருவர் விருந்து முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேள்விப்படும் நிலை இப்படித்தான் வந்தது.

இனி சரக்குக்கு வருவோம். தமிழ் நாளிதழ்கள் தலைநகரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து விடியுமுன் இங்கே கட்டுக்கட்டாக இறக்கப்படுகின்றன. மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் ஆகியவை தவறாமல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் சொல்லிவைப்பது நல்லது. 1924-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது; அந்த நாளிதழுக்கென்று ஒதுக்கியிருந்த கம்பியில் இப்போது பஞ்சாங்கங்கள் தொங்குகின்றன. நேசன் வாசகர்களில் பலர் வேறு நாளிதழுக்கு மாறவில்லை, பேப்பர் வாங்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள் என்பது கடைக்காரரின் கணக்கு. தமிழகத்து வார, மாத இதழ்கள் எப்போது வரும், எது வரும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. அவற்றுக்காக இக்கடையை நம்ப வேண்டாம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போவதே மேல்.

அந்த நாளிதழ்களில் எங்கள் ஊர் எப்படி வருகிறது என்பதைச் சொல்லாமல் இக்கடையின் பயனை மதிப்பிட முடியாது. வட்டாரச் செய்திப் பக்கத்தில் செபராங் பிறை வரும்போது, பெரும்பாலும் ஒரு படம்தான் முதலில் கண்ணில் படும். நடுவில் கதவளவு மாதிரிக் காசோலை, அதைப் பிடித்துக்கொண்டு பிரமுகர், இரு பக்கமும் பொறுப்பாளர்கள், ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்ட தலைமையாசிரியர். படத்துக்குக் கீழே அத்தனை பேரின் பெயரும் பட்டங்களோடு வரிசையாக இருக்கும். அந்தப் பணத்தில் பள்ளியின் எந்தக் கூரை எப்போது பழுதுபார்க்கப்படும் என்ற ஒரு வரி இருக்காது. இதில் வட்டார நிருபர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே, சொந்த மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஊற்றி ஓடி, அழைப்பு வந்த நிகழ்ச்சிக்குப் போய்ப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள். அழைப்பு அனுப்பத் தெரிந்தவர்களின் நிகழ்ச்சிகள் செய்தியாகின்றன; அழைப்பே இல்லாமல் நடக்கும் காரியங்கள் செய்தியாகாமலே விடுபட்டுப்போகின்றன. உடைந்த கால்வாய்க்கு யாரும் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை அல்லவா?

எங்கள் பக்கம் வெளியுலகத்தின் கண்ணில் படுவதற்கு ஒரு பெரிய சம்பவம் தேவைப்படுகிறது. 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைக்கிடங்கில் தீப்பிடித்துப் புகை பரவியபோது செய்தியாளர்கள் வந்தார்கள். சுங்கை பாக்காப் சட்டமன்ற உறுப்பினர் காலமானதையடுத்து 2024-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தபோது, அந்தச் சில வாரங்களுக்கு எங்கள் குடிநீர்க் குழாயும் சாலை நெரிசலும் நாடு முழுவதற்குமான செய்தியாயின. பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் வேட்பாளர் 4,267 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். மறுநாள் அந்த எண் எல்லா நாளிதழ்களிலும் தலைப்பாக இருந்தது. அதன் பின்னர், நெரிசல் குறைந்ததா, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று எழுத ஆளில்லை. இடைப்பட்ட காலங்களில் வெளியூர்க்காரர்கள் எங்களைப் பற்றி எழுதுவதெல்லாம் கிரியான் ஆற்று மின்மினிப் பூச்சிகளும், கெலிடோனியாவில் பாழடைந்து கிடக்கும் 99 கதவு மாளிகையும்தான். அதன் உரிமையாளரான ராம்ஸ்டன் 1948-ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டது உண்மை. அதன் மேல் கட்டப்பட்ட பேய்க்கதைகளைப் பற்றி உள்ளூரில் விசாரித்தால், அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டிமார்கள் சிரிப்பார்கள்.

ஊருக்கென்று ஒரு தமிழ்ப் பத்திரிகை இருந்தால் இந்தக் குறை தீராதா என்று கேட்கலாம். 1880-களிலேயே தமிழ்ப் பத்திரிகை அச்சான மாநிலம் இது. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாமே தவிர, இன்று அது நடக்கிற காரியமில்லை. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி நாளிதழோ வார இதழோ அச்சிட உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அதைப் பெற்றாலும், ஒரு சிறு நகரத்தின் தமிழ்க் கடைகள் தரும் விளம்பரத்தைக் கொண்டு காகிதச் செலவைக்கூட ஈடுகட்ட முடியாது. ஆகவே அந்த இடத்தை, யாரும் திட்டமிடாமலே, பேப்பர் கடையின் சுவரில் சாத்தியிருக்கும் ஓர் ஒட்டுப்பலகை பிடித்துக்கொண்டது.

அந்தப் பலகைதான் இக்கடையின் உயிர்நாடி. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒட்டுப்பலகை அது. மழைச்சாரல் படாதிருக்க மேற்புறம் ஒரு துண்டுத் தகரம் அடித்திருக்கிறார்கள். வலப்பக்கம் மரண அறிவிப்புகளுக்கு மட்டும். இடப்பக்கத்தின் மேற்பாதி கோயில்களுக்கு: ஆடித் திருவிழா, தீமிதி, கும்பாபிஷேகம், பால்குடம் எடுப்போர் பெயர்ப்பதிவு. கீழ்ப்பாதி பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும்: முதலாம் ஆண்டு மாணவர் பதிவு, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம், இரத்த தான முகாம், இலவச மருத்துவப் பரிசோதனை. திருமண அழைப்பிதழ்களுக்குத் தனியே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. துணி காயப்போடும் கவ்விகளில் அவை தொங்கும். அரசியல் கட்சிகளின் சுவரொட்டிக்கும், கடன் கொடுப்போர், ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்போர் விளம்பரங்களுக்கும் அங்கே இடமில்லை. அவற்றை யாராவது இரவில் ஒட்டிவிட்டுப் போனால், காலையில் கடை திறக்கும்போது முதல் வேலை அதைக் கிழிப்பதுதான்.

ஒவ்வோர் அறிவிப்பின் மேல்மூலையிலும் பென்சிலால் ஒரு தேதி எழுதப்பட்டிருக்கும். அது பலகையில் ஏறிய நாள். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தத் தாள் இறங்கிவிடும். குத்தூசிகள் ஒரு மைலோ டின்னுக்குள் போய்விடும். இதைச் சிறிய விஷயம் என்று நினைக்கலாம். ஆனால் போன ஆண்டுத் திருவிழாச் சுவரொட்டி இன்னும் தொங்கும் பாலாய் ராயா என்னும் சமூகக் கூடங்களையும், எப்போதோ முடிந்த பதிவுக்கான அறிவிப்பை மேலே நிறுத்தி வைத்திருக்கும் முகநூல் பக்கங்களையும் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை தெரியும். பலகையில் ஒன்று இருந்தால் அது இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு நம்பிக்கையை வேறெந்தச் சேவையும் எனக்குத் தரவில்லை.

மரண அறிவிப்புகளைக் கையாளும் முறையில் கடைக்காரர் ஒரு செய்தி ஆசிரியருக்குரிய கண்டிப்பைக் காட்டுகிறார். யாராவது வாய்வழியாகச் சொன்னால் போதாது. குடும்பத்தாரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு அவரே அழைத்துப் பேச வேண்டும், அதன் பின்னர்தான் தாள் பலகைக்கு ஏறும். ஒருமுறை நான் நின்றிருந்தபோது, மூத்த பெண்மணி ஒருவர் வந்து, “பைராம்ல நம்ம கிராணி வீட்டம்மா தவறிட்டாங்களாமே, உண்மையா தம்பி?” என்று கேட்டார். “இன்னும் எழுதி வரலம்மா. மகன் நம்பர் இருக்கு, கேட்டுச் சொல்றேன், உட்காருங்க,” என்று கடைக்காரர் முக்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, அழைப்பு எடுக்கப்படும் வரை அதைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை. செய்தி பொய் என்று தெரிந்தது. அந்த அம்மாள் மருத்துவமனையில்தான் இருந்தார். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து குவிந்திருந்தன.

அடையாள அட்டையில் உள்ள பெயரோடு கடைக்காரர் நிறுத்திக்கொள்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. குடும்பத்தார் கொண்டுவரும் தாளில் முழுப்பெயர், வயது, நல்லுடல் எடுத்துச் செல்லப்படும் நேரம், வீட்டு முகவரி, மயானம் எல்லாம் தட்டச்சாகியிருக்கும். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, எந்தத் தோட்டம், தோட்டத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று இரண்டு கேள்விகள் கேட்பார். பதிலை அடியில் கையால் எழுதுவார்: ‘டிரான்ஸ்கிரியான் ஆயாக்கொட்டகை அம்மா’, ‘ஜாவி லோரி தண்டல்’ என்பதுபோல. அட்டைப் பெயரைப் பார்த்துவிட்டு யாரோ என்று கடந்து போகிறவர்கள், அந்தக் கையெழுத்து வரியைப் படித்ததும் நின்றுவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரும் பணம் கொடுத்து நாளிதழில் போடும் கால்பக்க அறிவிப்பில் இல்லாத தகவல், இங்கே இலவசமாகச் சேர்க்கப்படுகிறது. ஆம், மரண அறிவிப்புக்குக் கட்டணம் கிடையாது. மற்ற அறிவிப்புகளுக்கும் கேட்பதில்லை; சங்கத்தார் தாங்களாகவே ஏதாவது வாங்கிப் போவார்கள்.

கோயில் திருவிழா அறிவிப்புகளில் கடையின் தரம் சற்றுக் குறைகிறது. அச்சகத்திலிருந்து வரும் சுவரொட்டியை அப்படியே தொங்கவிடுகிறார்கள். உபயகாரர் பட்டியலின் நடுவே அன்னதானம் எத்தனை மணிக்கு, வண்டி எங்கே நிறுத்துவது என்பவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மரண அறிவிப்புக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கு இங்கே காட்டினாலும் போதும். தமிழ்ப்பள்ளி அறிவிப்புகள் பரவாயில்லை. பினாங்கு மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றுக்கும் மாணவர் சேர்க்கை ஆண்டுதோறும் கவலை தரும் விஷயம் என்பதால், பதிவு நாள் நெருங்கும்போது ஆசிரியர்களே வந்து தாளை மாற்றிவிட்டுப் போகிறார்கள்.

கடைக்காரரின் மருமகள் பிற்பகலில் வந்து உட்காரத் தொடங்கிய பின்னர் இரண்டு நல்ல மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, முன்பெல்லாம் ஐந்தடியில் காலை நீட்டி அமர்ந்து அரசியல் பேசும் ஆண்களைத் தாண்டிப் பலகையைப் படிக்கத் தயங்கிய பெண்கள், இப்போது நின்று நிதானமாகப் படிக்கிறார்கள். இரண்டாவது, அரசாங்க அறிவிப்புகளைத் தமிழில் சுருக்கி எழுதித் தொங்கவிடும் வழக்கம் வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டூவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் பணிக்காகப் பினாங்கின் பல பகுதிகளில் குடிநீர் நிறுத்தப்பட்டபோது, எந்தப் பகுதிக்கு எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்ற அதிகாரபூர்வ அட்டவணையைப் புரிந்துகொள்ள முடியாமல் முதியவர்கள் பலர் திண்டாடினர். இந்தப் பெண் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், தாமான் வாரியாகப் பெயரெழுதி, நேரத்தைப் பெரிய எழுத்தில் குறித்து, எத்தனை நாளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பலகையின் நடுவில் மாட்டினார். அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். அந்த வாரத்துக்கு அதைவிடப் பயனுள்ள தமிழ்ச் செய்தி ஒன்றை நான் எங்கும் படிக்கவில்லை.

குறை இனித்தான் வருகிறது. அந்த நாட்காட்டித் தாள் ஒரு நெருக்கடிக்கு எழுதப்பட்டது. நெருக்கடி தீர்ந்ததும் நின்றுவிட்டது. சாதாரண நாள்களில் செபராங் பிறை மாநகராண்மைக் கழகம் எந்தச் சாலையை மூடுகிறது, மதிப்பீட்டு வரி கட்டக் கடைசி நாள் எது, எந்த நிலத்தில் என்ன கட்டப்போகிறார்கள் என்பதற்கு ஆட்சேபம் தெரிவிக்க எவ்வளவு காலம் இருக்கிறது என்பன பலகைக்கு வருவதில்லை. யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை என்பது கடைக்காரரின் பதில். அது உண்மைதான், ஆனால் நாளிதழ்களின் வட்டாரப் பக்கத்தில் நான் கண்ட அதே குறை இங்கேயும் வேறு வடிவில் இருக்கிறது. கொண்டுவருவோர் உள்ள செய்தி ஏறுகிறது, கொண்டுவர ஆளில்லாத செய்தி வெளியே நிற்கிறது. கடைக்கு முன்னாலேயே கால்வாய் மூடி உடைந்து, மாதக்கணக்கில் ஒரு மரக்கிளையை நட்டு அடையாளம் வைத்திருந்தார்கள்; பலகையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொரு குறையைப் பற்றி எனக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இங்குள்ள கோயில் ஒன்றின் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தபோது, இரு தரப்பும் தனித்தனியே ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு கொண்டுவந்தன. அவர் இரண்டையும் வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டார். “ஒன்னைப் போட்டா இன்னொருத்தர் சண்டைக்கு வருவார், நமக்கு எதுக்கு வம்பு?” என்றார். வியாபாரம் செய்கிறவருக்கு அது விவேகமாக இருக்கலாம். செய்திச் சேவையாகப் பார்த்தால் தவறு. வாக்குரிமை உள்ள சந்தாதாரர்கள் எந்தக் கூட்டம் எங்கே என்று தெரியாமல் இருந்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தால் படிக்கிறவர்கள் தாங்களே முடிவு செய்திருப்பார்கள். ஊரில் சண்டை இருக்கிறது என்பதும் ஊர்ச் செய்திதான்.

பலகையில் இல்லாதவற்றில் கொஞ்சம், கடையில் இலவசமாகக் கிடைக்கும் ‘முத்துச் செய்திகள்’ இதழில் கிடைக்கும். பினாங்கு மாநில அரசாங்கம் நான்கு மொழிகளில் வெளியிடும் ‘புலேட்டின் முத்தியாரா’வின் தமிழ்ப் பதிப்பு இது. உதவித்தொகைத் திட்டங்கள், தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில்களுக்குமான மாநில ஒதுக்கீடுகள் பற்றித் தமிழில் ஒழுங்காகப் படிக்க இதைவிட எளிய வழி இல்லை. அரசாங்கம் நடத்தும் ஏடு என்பதால் அரசாங்கம் செய்தவை இருக்கும், செய்யாதவை இருக்கா. அந்தத் தெளிவோடு எடுத்துப் படிக்க வேண்டும். காசில்லாமல் கிடைப்பதால் பாதிப் பேர் வாழையிலை மடிக்கத்தான் எடுத்துப் போகிறார்கள் என்பது வேறு கதை.

புலனக் குழுக்கள் இருக்கும்போது ஐந்தடிப் பலகை எதற்கு என்பார் உண்டு. வேகத்தில் பலகை தோற்றுவிடும், அதில் ஐயமில்லை. வெள்ளம் ஏறும் இரவில் யாரும் பேப்பர் கடைக்கு ஓடமாட்டார்கள். ஆனால் குழுவில் வந்த ஒரு செய்தியை மூன்று நாள் கழித்துத் தேடிப் பாருங்கள்: காலை வணக்கப் படங்களும், மூட்டுவலிக்கு மூலிகை வைத்தியமும், எந்த நாட்டிலோ நடந்த விபத்தின் காணொளியும் அதன் மேல் மூடியிருக்கும். மேலும் அந்தக் குழுக்கள் தாமான் வாரியாக, கட்சி வாரியாக, கோயில் வாரியாகப் பிரிந்தவை. ஜாவியில் இருக்கிறவர் பத்து காவான் குழுவில் இல்லை. பழைய தோட்டத்து உறவுகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுவது பலகைதான். இங்கே எனக்கு ஓர் ஆசை உண்டு: மருமகள் தினமும் பலகையை ஒரு படமெடுத்துப் போட்டால், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். கேட்டதற்கு, மரண வீட்டின் முகவரியும் எண்ணும் இணையத்தில் சுற்றினால் ஏமாற்றுக்காரர்கள் அழைப்பார்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரி. கோயில், பள்ளி அறிவிப்புகளையாவது போடலாம்.

வீடு தேடி வந்து நாளிதழ் போடும் சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரை ஒட்டிய தாமான்களுக்கு மட்டும்தான் உண்டு. ஜாவிக்கு அப்பால் ஆளில்லை. மழை நாளில் பேப்பர் நெகிழிப் பையில் வருவதும் உண்டு, நனைந்து வருவதும் உண்டு. மாதக் கணக்கில் வராத நாளைக் கழிப்பது நாம் நினைவூட்டினால்தான் நடக்கும். நாளிதழ் வண்டி தாமதமாகும் நாள்களில் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். பலகைக்கு நான்கு.

போக விரும்புவோருக்கு: விடிகாலையில் திறந்து, மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மூடி, பிற்பகலில் மறுபடி திறக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். பத்து காவான் தொழிற்சாலைகளில் பகல் ஷிப்ட் பார்க்கிறவர்கள் வேலை முடிந்து வருவதற்குள் ஷட்டர் இறங்கிவிடும், ஆனால் பலகை ஷட்டருக்கு வெளியே இருப்பதால் தெருவிளக்கில் படித்துக்கொள்ளலாம். க்யூஆர் வழியாகவும் பணம் செலுத்தலாம், சில்லறைக்குத்தான் தட்டுப்பாடு. காலையில் கடைக்கு முன் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பின்சந்தில் நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம். அறிவிப்பு கொடுப்பவர்கள் ஏ4 தாளுக்கு மேல் போகாமல், குடும்பத்தாரோ செயலாளரோ எடுக்கும் தொலைபேசி எண்ணைத் தெளிவாக எழுதி, பிற்பகலில் மருமகளிடம் கொடுத்தால் எழுத்துப்பிழையும் திருத்திக் கிடைக்கும். நாளிதழ்களின் தீபாவளி மலர்களுக்குப் பெயர் கொடுப்பது பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கிவிடுகிறது. முன்பணம் கேட்பதில்லை, ஆனால் சொல்லிவிட்டு வாங்காமல் போனவர் பெயரை அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ள மாட்டார்கள்.